பார்ப்பவர் ஒருவர்

எங்கள் மாதா கோயிலில் கேமரா வைத்ததே, கடல் தாண்டிப் போன பிள்ளைகள் ஊர்ச் சாவை அங்கிருந்தே பார்த்து அழுவதற்குத்தான். அயர்லாந்தில் எங்கள் மேயோ பக்கம் மற்றப் பங்குகளிலும் உண்டு. பூசை முடிந்தாலும் யாரும் அதை அணைப்பதில்லை. பூ வைப்பது, பூட்டுவது, கேமராவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான்.

பின்னறைத் திரையின் மூலையில் இணையத்தில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரியும். கோயில் காலியாகக் கிடக்கும்போதும் அங்கே 1 இருக்கும். எங்கேயோ ஒரு ஜீவன்! "நல்லா இருக்கீங்களா? இன்னிக்கும் மழைதான்" என்று கேமராவிடம் சொல்லிவைப்பேன். வீட்டுக்காரர் போன பிறகு, காலையில் நான் பேசுகிற முதல் ஆள் அவர்தான்.

அதற்கு உலை வைக்க வந்தாள் நோரீன். புருஷனைப் புதைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தனியாக உட்கார்ந்து அழ வந்தவளை லீட்ஸிலிருந்து அவள் அத்தை பார்த்துவிட்டு, உடனே போன் போட்டு, "மூக்கத் தொடச்சுக்கடி, கைக்குட்டகூடவா இல்ல?" என்றாளாம்.

பங்குக் கூட்டத்தில் வெடித்தாள். "நான் அழுறத யாரு பாக்கணும்னு நான்தானே சொல்லணும்? பூசைக்கு மட்டும் போடுங்க!"

"கோயில் எல்லாருக்கும் பொதும்மா. இதையே நம்பி ஒரு ஆளு எங்கேயோ உக்காந்திருக்கு. அது மூஞ்சில கதவச் சாத்தச் சொல்றியா?" என்றேன்.

ஃபாதர் டெக்லன் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அசும்ப்டாம்மா, அது உங்க கையிலதானே இருக்கு. நீங்களே பாத்துச் செய்யுங்க." நழுவுவதில் மன்னன்.

நான் அணைக்கவில்லை. நோரீன் கோயில் பக்கமே வரவில்லை.

ஒரு நாள் காலை திரையில் 0. போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே நினைத்தேன். பெயர் தெரியாத ஆளுக்கு மெழுகுவத்தி ஏற்றி, அழுதும் தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்தால் சமையலறையில் டேப்லெட் அணைந்து கிடந்தது. வெறும் வீட்டில் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று எந்நேரமும் கோயிலை அதில் ஓடவிட்டிருப்பேன். முந்தின நாள் சார்ஜ் போட மறந்திருக்கிறேன். ஏதோ உறுத்தியது. போனில் கோயிலைத் திறந்தேன்: 1. சார்ஜ் போட்டு டேப்லெட்டிலும் திறந்தேன்: 2.

இரண்டும் நான்தான்.

மறுநாள் கேமராவை அணைத்துவிட்டு நோரீனுக்குப் போன் போட்டேன்.

"வந்து அழும்மா. யாரும் பாக்கல."

"அப்ப அந்த ஆளு?"

"அவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."