முடிச்சு போட்ட பந்து

பந்தை எறிந்துவிட்டு, அது வளையத்துக்குள் விழுகிறதா என்றுகூடப் பார்க்காமல் முதுகைத் திருப்பிக்கொண்டு நடக்க உங்களால் முடியுமா?

மகள் பார்க்கிற கூடைப்பந்து கார்ட்டூனில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் அப்படித்தான் செய்கிறான். ஆடுகளத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்கு எறிவான். கையை விட்டுப் பந்து கிளம்பியதுமே திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவான். பந்து மேகத்துக்குள் போகும், நிலாவை ஒரு உரசு உரசும், கீழே நிற்கிறவர்கள் தங்கள் சின்ன வயசையெல்லாம் நினைத்து முடிக்கும்வரை அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். போன வாரம் எறிந்த பந்து இந்த வாரம்தான் விழுந்தது.

அம்மா சோஃபாவுக்குப் பின்னால் நின்றுதான் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்தால் மகள் எழுந்து போய்விடுவாள். ஊரில் தன்னை வளர்த்த சித்தியையும் கூடப் படித்த பிள்ளைகளையும் விட்டுப் பிரித்து, அம்மா வேலை பார்க்கிற இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்த கோபம். வந்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சாப்பிட்டியா? ம். குளிருதா? ம். அதற்குமேல் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

அம்மாவுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில். வார்டுகளிலிருந்து வருகிற விரிப்புகளை நாலு முனையும் சேர்த்து மூட்டையாக முடிந்து, மிஷினுக்குப் போகிற தள்ளுவண்டியில் போட வேண்டும். தரை எப்போதும் ஈரம், நடந்தால் வழுக்கும். அதனால் அங்கே யாரும் மூட்டையோடு நடப்பதில்லை. முடிச்சைப் பிடித்து, மணியாட்டுவது போல முன்னும் பின்னும் ஆட்டி, வண்டியைப் பார்த்து விட்டுவிடுவார்கள். மிஷின்களிலிருந்து எழும்பி நிற்கிற வெள்ளை ஆவிக்குள் மூட்டை புகுந்து காணாமல் போகும். ஒரு கணம் உலகத்தில் சத்தமே இருக்காது. பிறகு அந்தப் பக்கம் எங்கேயோ ‘தொப்’.

அந்த ஒரு கணத்தில்தான் அன்றைக்கு அம்மாவுக்கு நீலச் சட்டைக்காரன் ஞாபகம் வந்தது. மூட்டை ஆவியில் மிதந்துகொண்டிருக்கும்போதே திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் ‘தொப்’. உச்சி குளிர்ந்துவிட்டது.

இஸ்திரி மிஷினில் நிற்கிற அக்கா பார்த்துவிட்டாள். “என்னடி, யாருக்கு முதுகு காட்டுறே?”

“அக்கா, கார்ட்டூன்ல வர்றதெல்லாம் நெஜத்துல நடக்குமா?”

“கார்ட்டூன்ல பூனை மலையிலேர்ந்து விழுந்து, தட்டையாகி, எழுந்து நடந்து போகுது. நீயும் விழுந்து பாரேன்.”

அன்று சாயங்காலம் அம்மா சோஃபாவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: “உங்காளு போடுறத நானும் போடுவேன்.”

“கிழிச்சே” என்றாள் மகள்.

‘ம்’ இல்லாத ஒரு வார்த்தை! அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். “போட்டா என்ன தருவே?”

மகள் திரும்பிப் பார்த்தாள். “போட்டுட்டா, நீ கேக்குறதுக்கெல்லாம் முழுசா பதில் சொல்றேன். போடலேன்னா எங்கிட்ட எதுவுமே கேக்கக் கூடாது. மூணு தடவைதான்.”

தோற்றால் அந்த ‘ம்’மும் போய்விடும். ஆனாலும் அம்மா தலையை ஆட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த ஆடுகளத்துக்குப் போனார்கள். ஒரு ஓரமாகத் துணி காயும் கொடி. வளையத்தில் வலை எப்போதோ கிழிந்து போய், வலை மாட்டுகிற கொக்கிகள் மட்டும் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. மகள் கையில் பந்து இருந்தது; ஊரிலிருந்து காற்றைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. காற்றடித்து எடுத்து வந்திருந்தாள்.

அம்மா கையில் வாங்கியதுமே திணறிப்போனாள். விரல்கள் முடிச்சைத் தேடின. பந்துக்கு முனையும் இல்லை, முடிச்சும் இல்லை. வழுக்கை மண்டையைப் பிடித்தது போல இருந்தது. வளையத்துக்கு எதிர்க்கோடியில் இருந்த கோட்டில் நின்று எறிந்தாள். பந்து பாதியிலேயே விழுந்து, போக்கிரிப் பிள்ளை மாதிரி உருண்டு ஓடியது. இரண்டாவது எறிதல் வேலியோரப் புதருக்குப் போனது.

“வளையம் கொஞ்சம் சாஞ்சிருக்கு” என்றாள் அம்மா.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

அப்படியே சித்தியின் குரல், அதே இழுப்பு. அம்மாவுக்குத் திட்டு வாங்கியது போலவே இல்லை. புதரிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நேரே கொடிக்குப் போனாள். தன் வீட்டுத் தலையணை உறையை உருவி, பந்தை உள்ளே போட்டு, வாயை இறுக்கி, துணி முனை இரண்டையும் முயல் காது மாதிரி நீளமாக விட்டு முடிந்தாள்.

“இது கள்ளாட்டம்!”

“பந்து உள்ளதானே இருக்கு?”

கோட்டுக்கு வந்தாள். முடிச்சைப் பிடித்து ஆட்டினாள். கை தானாக மணியாட்டியது. சலவைக்கூடத்தின் ஆவி அந்த வெயிலிலும் கண்முன் எழும்புவது போல இருந்தது. விட்டாள். வெள்ளை உறை காதுகள் படபடக்க ஏறியது. கொடியைத் தாண்டி, எதிர்ப் பால்கனிகளின் உயரத்துக்குப் போய், இறங்க மனசில்லாதது போல நின்றது. சித்தியின் வீடு, கப்பல் மாதிரி நீண்ட இந்தக் குடியிருப்பு, குழந்தையாக இருந்தபோது மகள் தன் தோளில் தூங்கிய கனம் எல்லாம் அந்த உறைக்குள்தான் இருக்கிறது என்று தோன்றியது அம்மாவுக்கு. திரும்பி நின்றுகொண்டாள்.

‘தொப்’ வரவில்லை.

மகள் வாயைப் பிளந்து நின்றாள்.

“விழுந்துச்சா?”

“இல்ல.”

“உள்ள போச்சா?”

“போகவும் இல்ல. திரும்பிப் பாரும்மா.”

வளையத்தின் கொக்கியில் ஒரு காது மாட்டி, தூங்குகிற வௌவால் மாதிரி உறை தொங்கிக்கொண்டிருந்தது. காற்றில் லேசாக ஆடியது.

“உள்ள போகல. நீ தோத்துட்டே” என்றாள் மகள்.

“எங்கடி தோத்தேன்? பந்து இன்னும் விழவே இல்லியே. உங்காளுக்கு மட்டும் ஒரு வாரம் டைம், எனக்கு ஒரு நிமிஷமா?”

மகள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். “அவன் தலையணை உறையில போட்டு எறியலம்மா!”

“அவனுக்கு துணி துவைக்கத் தெரியாது, பாவம்.”

வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் கம்பத்தடியில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தபடி வாயாடிக்கொண்டிருந்தார்கள். முடிவு ஒன்றும் ஏற்படவில்லை.

மறுநாள் காலையில் பந்து அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. “சாப்பிட்டியா?” என்று அம்மா கேட்டாள். “சாப்பிட்டேன். உப்பு பத்தல” என்று சொல்லிவிட்டு மகள் பள்ளிக்கூடம் போனாள்.