எட்டாம் நம்பர்க்காரன்

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டை ஒட்டிய டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பூமாரி முதலில் எட்ட நின்று பார்த்தாள். பிறகு கிட்டப் போய் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். முன் வரிசையில் நாற்காலி போட்டுக் காலேஜ் பெரியவர்கள், நடுவில் கழுத்தில் விசில் தொங்க சூசையப்பன் மாஸ்டர், அவர் காலடியில் பெரிய வெள்ளிக் கோப்பை. பின்னால் பையன்கள் நம்பர் போட்ட பனியனோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள். எட்டாம் நம்பர் பனியனுக்குள் இருந்தவன் வெளுத்த நிறமும் சுருட்டை முடியுமாக யாரோ ஒருவனாக இருந்தான்.

“போட்டோவுலயும் இல்ல, பேருலயும் இல்ல. அப்ப நீங்க எதுலதான் இருந்தீக?” என்று கேட்டுக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சின்னமுத்து டீயை ஊதிக் குடித்தான். இந்தக் கேள்விக்குக் கல்யாணமான நாளிலிருந்து பதில் சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்தவன் அவன். தான் காலேஜ் டீமில் ஆடிக் கோப்பை ஜெயித்ததாக அவன் சொல்லப்போய், சின்னக்கானல் எஸ்டேட்டில் அவன் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் அவனுக்குப் பேரே ‘காலேஜு’தான். தண்ணீர்க் குழாயடியில், ஃபேக்டரி வாசலில், ரேஷன் கடையில் எங்கே போனாலும், “என்ன காலேஜு, இன்னைக்குப் பரீட்சை இல்லியா?” என்று ஒருத்தராவது கேட்டுவிடுவார்கள். பூமாரியும் சண்டை முற்றினால் அந்தப் பேரைத்தான் எடுப்பாள். மாஸ்டர் செத்துப்போனார், கோவிந்தாபுரத்தில் அவருக்கு ஒரு இரங்கல் கூட்டம் வைத்திருக்கிறார்கள் என்று எஸ்டேட் கிளார்க் சொன்னதும் அவன் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளையை அம்மாவிடம் விட்டு, பூமாரியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியது இதற்காகத்தான். மாஸ்டர் போய்விட்டார், இனிமேல் உண்மையைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்த ஊரில் ஒரே ஒரு மனுஷன், எட்டாம் நம்பரில் ஆடியது நீதானப்பா என்று இவள் காதுபடச் சொன்னால் போதும். அதற்குமேல் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். மாஸ்டரின் தங்கையை அந்தக் கிளார்க்குக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மாதா கோயில் திருவிழாவுக்கு வந்த மாஸ்டர், எஸ்டேட் மைதானத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்த சின்னமுத்துவைப் பார்த்தார். பத்தாவது பாஸ் செய்துவிட்டுத் தேயிலை ஃபேக்டரியில் இலைக்கூடை தள்ளிக்கொண்டிருந்தவன். அவன் எகிறுகிற உயரத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். “என்கூட வா, வருஷக் கடைசியில கோழிக்கோட்டுல யூனிவர்சிட்டி பாஸ்கெட்பால் போட்டி. ஜூன் மாசம் காலேஜுல சீட்டு வாங்கித் தர்றேன்” என்றார். காலேஜில் படிக்காதவன் காலேஜ் டீமில் ஆட முடியாது. அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். ஆறுச்சாமி என்று ஒரு பையன், காலேஜில் பேர் இருக்கிறது, உயரமும் கிட்டத்தட்ட இவன் உயரம். அவன் பேரில் இவன் ஆடினான்.

மாஸ்டர் தன் அறையில் அவனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் தான் தரையில் படுத்தார். வலது கையை முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டு, இடது கையாலேயே பந்தை வளையத்துக்குள் போடச் சொல்லிச் சாகடித்தார். கணுக்கால் வீங்கினால் வெந்நீர் ஒற்றடம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெற்ற தகப்பன்கூட அவன் காலைப் பிடித்ததில்லை. கோழிக்கோட்டில் ஜெயித்த அன்று, கூட்டம் ஓவென்று மைதானத்துக்குள் இறங்கியபோது, அதே மாஸ்டர் அவன் தோளில் ஒரு போர்வையைப் போட்டு வெளியே தள்ளிக்கொண்டு போனார். “போட்டோ எடுப்பாங்க. நீ கெளம்பு, ராஜா” என்றார். ஆறுச்சாமியின் பேரை மைக்கில் கூப்பிட்டபோது கைதட்டல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. அப்புறம் காலேஜில் எடுத்த போட்டோவில் எட்டாம் நம்பர் பனியனை மாட்டிக்கொண்டு ஆறுச்சாமி நின்றான். எஸ்டேட்டுக்குத் திரும்பினால், வேலைக்கு வராதவன் என்று பெரட்டு வருகைப் பதிவில் அவன் பேரை அடித்திருந்தார்கள். ஜூன் மாதம் மாஸ்டரைத் தேடி வந்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் அவரே மாற்றலாகிப் போய்விட்டார். ஏழு வருஷமாகச் சின்னமுத்து அதே ஃபேக்டரியில் தற்காலிகத் தொழிலாளி. அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்கு வயிறு எரியும். நினைக்காமல் இருக்கவும் முடியாது.

கூட்டம் சாயங்காலம்தான். ஆனால் கூட்டத்தில் பேச வேண்டியதை டீக்கடையிலேயே அடித்துப் பேசித் தீர்த்துவிட்டு, கூட்டத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். ஊர் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குப் பின்னால் புதிதாகச் சிமென்ட் பூசிய பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு மாஸ்டர் பேரை வைப்பதா வேண்டாமா என்பதுதான் வழக்கு. வைத்தே ஆகவேண்டும் என்பவர் மாரப்பன். தென்னந்தோப்பும் வயலும் உள்ளவர். அந்தக் கோப்பையைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் திருச்சூரில் பாங்க் உத்தியோகம் வாங்கிய ஆறுச்சாமியின் அப்பா. கூடாது என்பவர் சென்னியப்பன். அவருக்கும் வயல் உண்டு, ஆனால் மகனுக்கு உத்தியோகம் இல்லை.

“நம்ம பசங்கள அந்தக் காலேஜுல மலையாளத்தானுக ‘பாண்டி’ன்னு கூப்புட்டுப் பந்து பொறுக்கத்தானுங்க உட்டானுக” என்றார் மாரப்பன். “அந்த மனுசன் வந்தப்பறம்தான் அதே பசங்க உள்ள எறங்கி ஆடுனானுக. இன்னைக்கு ஆளுக்கொரு உத்தியோகத்துல இருக்கறானுக. பேரு வெக்கறதுக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்?”

“உத்தியோகம் உம்பட பையனுக்குக் கெடச்சுது. எம்பட பையன் மூணு வருசம் வெடியால எந்திரிச்சு அந்தாளு பொறத்தால ஓடுனான். பைனலுக்கு முந்தி ஒசரம் பத்தாதுன்னு ஊட்டுக்கு முடுக்கிப் போட்டான். பந்தைக் கையில தொட்டறியாத ஆறுச்சாமி திடீர்னு எட்டாம் நம்பர்ல போயி நிக்கறானாமா!”

“அது மாஸ்டரோட கைராசிங்க.”

“கைராசியாவது? பைனல் அன்னைக்கு உம்பட பையன் பொள்ளாச்சிச் சந்தையில கரும்பு தின்னுட்டு நின்னான். எங் கண்ணால பாத்தனுங்க!”

கடை கொல்லென்று சிரித்தது. ஏழு வருஷமாகக் கேட்டுப் புளித்துப்போன கரும்பு அது. பொறாமையில் சென்னியப்பனுக்குக் கண்ணும் கெட்டுப்போயிற்று என்று ஒருவர் கேலி செய்தார். சின்னமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கரும்பைப் பற்றி அவனுக்குத் தெரியாது. ஆனால் ஆறுச்சாமி அன்று பொள்ளாச்சியில் மாமா வீட்டில் ஒளிந்திருந்தது தெரியும். மாரப்பனுக்கும் தெரியும். மாஸ்டர் ஒரு நாள் சின்னமுத்துவை மாரப்பன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துப் பேசியிருக்கிறார். மாரப்பன் கையால் பரிமாறிய சோற்றை அவன் சாப்பிட்டிருக்கிறான். கடைக்குள் நுழைந்தபோதே அவர் தன்னை ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் இந்தப் பக்கமே திரும்பாததை அவன் கவனித்திருந்தான்.

பேச்சு கடைசி ஆட்டத்துக்கு வந்தது. அங்கே இருந்த ஒருத்தர்கூட அந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை. கோழிக்கோடு அவர்களுக்கு அவ்வளவு தூரம். கேட்டதை வைத்து ஆளாளுக்கு ஆடினார்கள். ஒருவர் எழுந்து நின்று டம்ளரைப் பந்தாகப் பிடித்துக் காட்டினார். எதிர் டீம்காரன் ஆறடிக்கு மேலே, பனைமரம் மாதிரி குறுக்கே நிற்கிறான், நம்மவன் இந்தப் பக்கம் போகிற மாதிரி தோளைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் புகுந்துவிட்டான் என்றார். விசில் ஊதும்போது பந்து வளையத்தின்மேலே சுற்றிக்கொண்டிருந்ததாம், கூட்டம் மூச்சே விடவில்லையாம். சென்னியப்பனும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, “அந்தாளு அயோக்கியன்தான். ஆனா அந்தக் கடைசிப் பந்த நெனச்சா இன்னைக்கும் ஒடம்பு சிலுக்குதுங்க. அதைப் போட்டவன் எவனோ, அவன் கை நல்லா இருக்கோணும்” என்றார்.

தன்னைப் பற்றி ஒரு ஊரே பேசிக்கொண்டிருப்பதை ஒரு மனுஷன் உட்கார்ந்து கேட்பது லேசான காரியமா? சின்னமுத்துவுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

டம்ளர்க்காரர் வலது கையைத் தூக்கி, “இப்பிடிப் போட்டானுங்க” என்றார்.

“எடது கை” என்றான் சின்னமுத்து.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கடை திரும்பிப் பார்த்தது. பூமாரியும் பார்த்தாள். இப்படி அவள் அவனை ஒருநாளும் பார்த்ததில்லை. கேலி இல்லாமல், கொஞ்சம் பயந்த மாதிரி, அவன் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சென்னியப்பன் எழுந்து வந்து அவன் முன்னால் குனிந்து, உட்கார்ந்தபடியே அவன் எவ்வளவு உயரம் என்று அளந்தார். “ஏனுங்க தம்பி, எந்தூருங்க நீங்க?”

“மூணாறு பக்கங்கய்யா. சின்னக்கானல்.”

“அந்தாளு தங்கச்சி ஊடு அங்கதான?” சென்னியப்பன் இன்னும் கிட்ட வந்தார். “தம்பி, பயப்படாதீங்க. நெசத்தைச் சொல்லுங்க. அந்த எட்டாம் நம்பர் நீங்கதானுங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நாளைக்கே யூனிவர்சிட்டிக்கு எழுதிப் போடறன். அந்தக் கோப்பையைத் திருப்பிப் புடுங்கிக்குவான். அந்த ஆட்டமே செல்லாது. அப்பிடி ஒரு ஆட்டம் நடக்கவே இல்லீன்னு பேப்பர்ல போட வெக்கறன். அப்பறம் எவன் அந்தாளு பேரை வெக்கறான்னு பாக்கறன்!”

மாரப்பன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறிப்போய், கையில் இருந்த துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆமாம் என்கிற வார்த்தை சின்னமுத்துவின் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதைச் சொல்லத்தானே மலை இறங்கி வந்தான். சொன்னால் பூமாரி நம்புவாள். ஆனால் அதே வார்த்தையில் அந்த ஆட்டம் செத்துப்போகும். இனிமேல் இந்தக் கடையில் எவனும் டம்ளரைத் தூக்கிக் காட்டமாட்டான். எதிரிக்குக்கூட உடம்பு சிலிர்க்கிற அந்தக் கடைசிப் பந்து வெறும் திருட்டுப் பந்தாகிவிடும். நான்தான் ஆடினேன் என்றால் நாங்கள் ஜெயிக்கவில்லை. நாங்கள் ஜெயித்தோம் என்றால் நான் ஆடவில்லை. அடப்பாவி மாஸ்டர், செத்த பிறகும் என்னை இப்படி நடுவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாயே என்று மனசுக்குள் திட்டினான். சென்னியப்பனுக்கு வேண்டியது மாஸ்டரின் மானம். மாரப்பனுக்கு வேண்டியது மகனின் உத்தியோகம். அவனைப் பற்றிக் கேட்க அந்தக் கடையில் யாரும் இல்லை. அவன் வாழ்க்கையில் ஜெயித்தது அது ஒன்றுதான். யார் பேரிலாவது இருந்துவிட்டுப் போகட்டும், இருந்தால் போதும் என்று தோன்றியது.

“நான் இல்லீங்கய்யா” என்றான். “எனக்குப் பந்தே ஆடத் தெரியாது. அங்கன ஆரோ பேசிக்கிட்டாக, அதைச் சொன்னேன்.”

சென்னியப்பன் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பூமாரி தலையைக் குனிந்துகொண்டு சேலை நுனியில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டினாள்.

கூட்டத்துக்கு இருக்க அவனுக்கு மனசில்லை. பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடம்வரை மாரப்பன் கூடவே வந்தார். புளியமரத்தடியில் மூன்று பேர்தான். வேறு காதில்லை. இப்போதாவது சொல்லுவார் என்று சின்னமுத்து காத்திருந்தான். இவளிடம் ஒரு வார்த்தை, மெதுவாகவாவது. அவர் வானத்தைப் பார்த்தார். “இந்த வருசம் மழை ஏமாத்திப்போட்டுதுங்க. ஒங்க மலைப்பக்கம் எப்பிடி?” என்றார். பஸ் வந்ததும் பூமாரியைப் பார்த்து, “ஒங்க ஊட்டுக்காரரு நல்ல மனுசனுங்க, அம்மிணி. பாத்துப் போயிட்டு வாங்க” என்று கும்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விடுவிடுவென்று நடந்தார்.

பஸ் செக்போஸ்ட்டைத் தாண்டியது. சந்தைக்குப் போகும் மாட்டு லாரிகளுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்தது.

“பூமாரி, நான் ஏன் அப்படிச் சொன்னேன்னா...”

“விடுங்க.” அவள் குரலில் கோபமே இல்லை. “ஆம்பளைன்னா ஒண்ணு ரெண்டு இட்டுக்கட்டிச் சொல்றதுதான். எங்கப்பா ஒத்தையில யானையை வெரட்டுனதாச் சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. நாங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தம்.”

“இல்ல, நெசமாவே நான்...”

“நான்தான் விடுங்கன்னு சொல்றேன்ல? இனிமே லயத்துல எவளாவது காலேஜுன்னு கூப்புடட்டும், அவளை நான் கேட்டுக்கிறேன்.”

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் இவ்வளவு தணிவாக அவனிடம் பேசியதில்லை. ஜன்னலோரம் விற்றுக்கொண்டு வந்தவனிடம் வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கி மடியில் பிரித்து வைத்தாள். ஒவ்வொன்றாக உடைத்து, விரல் நுனியில் தேய்த்து, சிவப்புத் தோலை ஊதிவிட்டு, வீட்டில் பிள்ளைக்குக் கொடுப்பது போல அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை வாயில் போட்டுக்கொண்டான். அவள் அடுத்ததை உடைத்தாள்.