டியாம்

கம்ப்யூட்டருக்குக் காற்றாடி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் கண்ணால் வாங்குகிறார்கள். ஏழு நிறத்தில் மினுக்கினால் போதும், வாரி அணைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சுரபாயா நகரின் இந்தக் கடை வளாகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இது தீராத எரிச்சல்.

பாக் சுதார்மின் அப்படி வரவில்லை. கம்ப்யூட்டர் கேபினெட்டையே ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த ராவோன் சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தார். கல்யாண வீடியோ எடிட்டிங் அவர் தொழில். எல்லாரையும் போல என்னை 'கோ', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"கோ, டியாமா ஒரு ஃபேன் குடுங்க. மூச்சு விடுற சத்தம்கூட வரக் கூடாது."

"எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அப்புறம் விளக்கு எரியலியேன்னு சண்டைக்கு வர்றாங்க."

"விளக்கு எதுக்கு கோ? சம்சாரத்துக்குப் பக்கவாதம் வந்து நாலு மாசமாச்சு. குரலே எழும்பல. அலமாரிக்கு அந்தப் பக்கம் அவ கட்டில், இந்தப் பக்கம் என் மேஜை. இந்தச் சனியன் போடுற இரைச்சல்ல, போன வாரம் தண்ணி தண்ணின்னு ஒரு மணி நேரம் கூப்பிட்டிருக்கா. எனக்குக் கேக்கல."

ராவோன் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.

அவர் கை நீட்டியது கண்ணாடிக்குள் இருந்த இரட்டைக் காற்றாடியை நோக்கி.

"அது பதினாறு சென்டிமீட்டர் உசரம். உங்க கேபினெட்டுல பதிமூணுதான் இடம். மூடியை உங்க தலையிலயா மாட்டறது?"

"அப்ப இந்தக் குட்டி? சின்னதுன்னா சத்தமும் சின்னதாத்தானே இருக்கும்?"

"நேர் எதிர். சின்னது தலைதெறிக்கச் சுத்தினாத்தான் சூடு போகும். பெருசு நிதானமா சுத்தும்."

பிராசசரைச் சுற்றியிருந்த துளைகளைப் பார்த்தேன். பழைய ரகம், எல்லாம் அதில் உட்காராது. நாலு பெட்டி பிரித்த பிறகு தட்டையாக, அகலமாக ஒன்று பொருந்தியது. பசை தடவி மாட்டினேன். பக்கத்துக் கடைப் பாட்டு காதைப் பிளக்கும்போது அமைதியை எப்படிச் சோதிப்பது? சாப்பாட்டுக் குச்சியின் ஒரு முனையைச் சட்டத்திலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டேன். நல்ல பிள்ளை.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"கோ, இப்ப டியாம். ரெண்டு நாளா டியாம்தான்."

"நான் பாத்துக் குடுத்தா அப்படித்தான்! ஆயுசுக்கும் டியாம்தான், போங்க!"

பட்டென்று போனை வைத்துவிட்டார். நன்றி சொல்லக் கூச்சம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கேபினெட்டோடு வந்து நின்றார். "பழைய ஃபேனையே மாட்டிடுங்க கோ."

சுருக்கென்றது. "என் கையால பொறுக்கினதுய்யா! டியாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் அவளைச் சொன்னேன்."

எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆண், பெண், பொருள் என்ற பேதம் கிடையாது. சத்தமில்லாத இயந்திரமும் டியாம், பேசாத மனைவியும் டியாம். வகுப்பில் வாத்தியார் வாயை மூடச் சொல்வதும் அதே டியாம்தான். ஆயுசுக்கும் என்று வேறு வாழ்த்தியிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நானா போய்க் குடுத்தா மடக்மடக்னு குடிக்கிறா. தானா கூப்பிடறதே இல்ல. அந்தச் சத்தத்துலயாவது கூப்பிட்டா."

"ஏன்னு கேட்டீங்களா?"

"எந்த முகத்தோட கேப்பேன்? அன்னைக்குக் கேக்காம விட்டதுக்குக் கோவமா இருக்கா."

கடையை இழுத்துப் பூட்டிவிட்டு அவரோடு போனேன். கம்ப்யூட்டரை ஓடவிட்டு அவர் வேலையில் உட்கார்ந்தார். நான் அலமாரிக்கு அந்தப் பக்கம் போய்க் கட்டிலருகே இருந்தேன். காற்றாடி ஓடுவது எனக்கே கேட்கவில்லை. கால் மணி நேரத்தில் அவர் மனைவி இபு லஸ்த்ரி இரண்டு முறை உதட்டை நக்கினார்.

"தண்ணி வேணுமா இபு? அவரைக் கூப்பிடறதுதானே?"

நல்ல கையை உயர்த்தி என்னை அடக்கினார். "மெதுவா... மிஷினை நிறுத்திட்டாரு பாருங்க. படுத்துட்டாரு. எனக்காக அலைஞ்சு அலைஞ்சு ஓய்ஞ்சுபோயிட்டாரு, பாவம். எழுப்பிடாதீங்க."

இத்தனை வருஷமும் அந்த இரைச்சல் நின்றால் கணவர் தூங்கப் போகிறார் என்று அர்த்தம். கோபமே இல்லை. தாகத்தோடு கணவரின் தூக்கத்துக்குக் காவல் இருந்திருக்கிறார் இபு.

குசுகுசுப்புதான். ஆனால் அவ்வளவும் மேஜைவரை கேட்டிருக்கிறது. பாக் சுதார்மின் தண்ணீரோடு வந்து நின்றார். வந்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியிருந்தது.

"பழசெல்லாம் மாட்ட மாட்டேன்" என்றேன். "வேலை செய்யுறப்ப ஏதாவது பாடுங்க. முழிச்சிருக்கீங்கன்னு தெரியும்."

மேஜைக்குத் திரும்பிப் பாடினார். எனக்குத் தெரிந்து அப்படி ஒரு கொடூரமான குரல் சுரபாயாவிலேயே இல்லை. இரண்டு வரிதான் போயிருக்கும். கட்டிலிலிருந்து மெலிதாக, ஆனால் தெளிவாக வந்தது:

"டியாம்!"

பாக் சுதார்மின் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினார்.