முப்பத்து மூன்றாம் எண்ணின் உள்ளேன்

பள்ளிக்கூடம் மூடிய நான்காம் நாள் காலை ஒன்பது இருபதுக்கு, பத்தாம் வகுப்பு பி பிரிவின் காலி அறையில் அரை மார்க் டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்களைக் கூப்பிட்டபோது, நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டுப் பேர் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். அறையில் ஆள் யாரும் கிடையாது. பெஞ்சுகள் இருந்தன, அவரவர் இடத்திலிருந்து அவரவர் குரல் வந்தது. ஜன்னலோரத்திலிருந்து ஏழாம் எண்ணின் கீச்சுக்குரல், கடைசி பெஞ்சிலிருந்து இருபதாம் எண்ணின் கொட்டாவி கலந்த குரல். டீச்சர் வராந்தாவை எட்டிப் பார்த்தார், குனிந்து பெஞ்சுகளின் அடியில் பார்த்தார், பிறகு பேனாவைத் திறந்து முப்பத்தெட்டு இடத்தில் நீலக் கோடும் மூன்று இடத்தில் சிவப்புப் பெருக்கல் குறியும் போட்டார். கேட்ட குரலைக் கேட்கவில்லை என்று எழுத அவரால் முடியாது.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அப்படித்தான். இருபத்திரண்டு வருடக் கணக்குப் பாட உத்தியோகத்தில் யாருக்கும் அரை மார்க் கூட்டிப் போட்டதில்லை, யாருக்கும் அரை மார்க் குறைத்ததுமில்லை. பிள்ளைகளைப் பெயர் சொல்லாமல் எண் சொல்லிக் கூப்பிடுவதும் அவர் வழக்கம்தான். வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரே வகுப்பில் ஒரே பெயரில் ஐந்து பெண்கள் இருந்து, கூப்பிடும்போதெல்லாம் ஐந்து பேரும் எழுந்து நின்றதில் வெறுத்துப்போய் அன்றைக்கு ஆரம்பித்தது. நோய்க்குப் பயந்து ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டபோது, மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் எதிர்ச்சாரியில்தான் இருந்தது. கடிகாரம் பழுது பார்க்கும் அவருடைய கணவர், "பூட்டிக் கிடக்கிற ஸ்கூல்ல யாருக்குப் பாடம் நடத்தப் போறே, பல்லிக்கா?" என்று கேட்டார். "பல்லி கவனிச்சா பல்லிக்கும் நடத்துவேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு தெருவைக் கடந்தார். கர்ச்சீப்பால் முகத்தைக் கட்டியிருந்த வாட்ச்மேன், ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்துவிட்டார். இந்த டீச்சரிடம் கேள்வி கேட்டு ஜெயித்தவர் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. டீச்சர் கரும்பலகையில் எழுதிய கணக்கு, நாற்பத்தொரு வீட்டுச் சுவர்களிலும் அதே கையெழுத்தில் வந்தது. சிலர் வீட்டில் அடுப்படிச் சுவரில், சிலர் வீட்டில் பீரோவின் பக்கவாட்டில், இடம் போதாத ஒரு வீட்டில் பாதி கணக்கு சுவரிலும் மீதி கதவிலுமாக. டீச்சர் டஸ்டரால் அழித்தால் அங்கேயும் அழிந்தது. பிள்ளைகள் கரித்துண்டாலோ சாக்பீஸாலோ கீழே விடை எழுதினால், அது வகுப்பில் அவரவர் டெஸ்க்கின்மேல் வந்து நின்றது. டீச்சர் சிவப்புச் சாக்பீஸோடு டெஸ்க் டெஸ்க்காகத் திருத்திக்கொண்டு போவார், போட்ட மார்க்கு வீட்டுச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும். இதனால் குடும்பங்களில் சில மனஸ்தாபங்கள் வந்தன. பதினோராம் எண்ணின் அப்பா பெயின்டர். முன்னறைக்கு ஆசை ஆசையாக அடித்த நீலச் சாயத்தின்மேல் மகனின் முட்டை மார்க்கு பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்துவிட்டு மேலே இன்னொரு கோட்டு அடித்தார். ஈரம் காய்வதற்குள் முட்டை மேலே வந்துவிட்டது. மூன்றாவது கோட்டோடு அவர் வாளியை ஓரமாக வைத்துவிட்டு, மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார்.

மற்ற வகுப்புகளுக்கு அப்போது போனில் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாதிப் பேருக்குப் போன் இல்லை, இருந்தவர்களுக்கு சிக்னல் இல்லை, இரண்டும் இருந்தவர்களுக்குத் தூக்கம் இருந்தது. சங்கதி கேள்விப்பட்டு மற்ற டீச்சர்களும் ஒவ்வொருவராக வந்து காலி அறைகளில் பதிவேட்டைத் திறந்தார்கள். முதலில் இருமலும் தும்மலும்தான் வந்தன, விடாமல் கூப்பிட்டதில் ஒரு வாரத்தில் குரல்களும் வந்தன. ஒரு மாதத்தில் பள்ளிக்கூடம் முழுக்க ஆளில்லாமலும் இரைச்சலாகவும் இருந்தது. தலைமையாசிரியை இதைக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். பெற்றுக்கொண்டோம் என்று ஒருவரிப் பதில் வந்தது.

முதல் நாள் பதில் சொல்லாத மூன்று பேரில் ஒருவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஒருத்தி பத்து மணிவரை தூங்குகிறவள். மூன்றாவது, முப்பத்து மூன்றாம் எண். மறுநாள் தொண்டைக்காரன் கரகரத்தான், தூங்குமூஞ்சி எழுந்துவிட்டாள், முப்பத்து மூன்றும் "உள்ளேன் டீச்சர்" என்றாள். குரல் கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல் இருந்தது. யாருக்குத்தான் அப்போது ஜலதோஷப் பயம் இல்லை என்று டீச்சர் நீலக் கோடு போட்டார். அதற்குப் பிறகு தினமும் போட்டார்.

மூன்றாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏதாவது ஒரு வழியில் அறுபது நாளாவது வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் பெயர்களை மட்டும் பொதுத்தேர்வுப் பட்டியலில் சேர்த்து, வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும், பெயர் விட்டுப்போனவர்கள் தேர்வு எழுத முடியாது. டீச்சர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான். தன் வகுப்பில் நாற்பத்தொரு பேரும் தேறுவார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை அதே பூரிப்போடு டெஸ்க்குகளைத் திருத்திக்கொண்டு போனவர், முப்பத்து மூன்றின் முன்னால் நின்றார். கழித்தலில் கடன் வாங்கியதை மறந்த ஒரு தப்பு. அதே தப்பு பக்கத்து டெஸ்க்கில் முப்பத்திரண்டிடமும் இருந்தது. ஒரே தப்பை இரண்டு பேர் செய்யலாம். ஆனால் இரண்டு பேரும் ஏழுக்கு நடுவில் ஒரே மாதிரிக் குறுக்குக் கோடு போட்டிருந்தார்கள், முப்பத்து மூன்றின் எழுத்து இடது கையால் எழுதியதுபோல் குடித்துவிட்டு நடந்தது. டீச்சர் முப்பத்திரண்டின் டெஸ்க்கில் சிவப்பில் எழுதினார்: முப்பத்து மூன்று எங்கே?

பதில் எழுத்து எழுத்தாக வந்தது. மாஸ்க் தைக்கிறாள் டீச்சர். முதல் நாளே அவள் எண்ணுக்குச் சத்தம் வரவில்லை. நான்தான் கொடுத்தேன், கணக்கையும் அவள் எண்ணைப் போட்டு நான்தான் எழுதினேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவள் பேரை எடுத்துவிடாதீர்கள்.

அரை மார்க்கைப் பிடிக்கிறவள் முழு ஆளைக் கோட்டை விட்டேனே என்று அவர் வாய்விட்டே சொன்னார். யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம், பட்டியல் போய்விடும், பிள்ளையும் தேர்வு எழுதிவிடுவாள். விஷயத்தைக் கேட்ட தலைமையாசிரியையும் அதைத்தான் சொன்னார்.

"விடுங்க டீச்சர். கோடுதான் இருக்கே. யாரு வந்து பாக்கப் போறா?"

"இல்லாத பிள்ளையை இருக்குன்னு எழுதினா, அதுக்கப்புறம் அவளை யாருமே தேட மாட்டாங்க மேடம். நானே ரெண்டு மாசமாத் தேடலையே" என்றார் டீச்சர். சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் நாளின் பழைய குறியோடு அறுபத்துநான்கு ஆகும்படி, அன்றைய நாள்வரை எல்லா இடத்திலும் பெருக்கல் குறி போட்டார். மிச்சம் இருந்தது மூன்று நாள். அறுபது நாளை மூன்று நாளில் எங்கே போய்ப் பிடிப்பது என்று அவருக்கும் தெரியவில்லை. முதலில் பிள்ளையைப் பிடிப்போம் என்று கிளம்பினார்.

விலாசம் விசாரித்து, புதன்கிழமை சாயங்காலம் போய்ப் பார்த்த வீடு ஒரே அறை, இரண்டு தையல் மிஷின். கூரைவரை அடுக்கிய துணி மூட்டைகள் ஒரு சுவரையே மறைத்திருந்தன. முப்பத்து மூன்றின் அப்பா லாரி ஓட்டுகிறவர். சரக்கோடு போன இடத்தில் எல்லையை மூடிவிட, அங்கேயே மாட்டிக்கொண்டவர். அம்மா ஆஸ்பத்திரிக்கு மாஸ்க் தைத்து வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தாள். அம்மா தைக்க, மகள் மடிப்பு வைத்துக் குண்டூசி குத்திக் கொடுப்பாள். ஒரு மாஸ்க்குக்கு ஆறு ஊசி. எடுக்க வசதியாக ஆறையும் உதட்டில் கவ்விக்கொண்டு, காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் இருட்டும்வரை அதே வேலை. டீச்சரைப் பார்த்ததும் பிள்ளை எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை.

"தள்ளி உக்காருங்க டீச்சர், தப்பா நினைக்காதீங்க. காலம் அப்படி" என்றாள் அம்மா. "நீங்க கேக்கறது நியாயம்தான். ஆனா இவ எழுந்து போனா மிஷின் நின்னுடும். மிஷின் நின்னா அடுப்பும் நின்னுடும். அங்க நர்ஸுங்க வேற மாஸ்க் மாஸ்க்னு பறக்கறாங்க."

"காலையில ரெண்டு மணி நேரம் அவளை விடும்மா. சாயங்காலம் ரெண்டு மணி நேரம் நான் வந்து ஊசி குத்தறேன்."

"உங்களுக்குத் தையல் தெரியுமா?"

"அளவு தெரியும்."

அளவு தெரிந்தது உண்மைதான். ஸ்கேல் வைத்து அவர் மடித்த மடிப்புகள் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்தில் பதினேழு மாஸ்க்தான் ஆனது. "நீங்க ஒண்ணு மடிக்கறதுக்குள்ள அவ அஞ்சு மடிச்சுடுவா டீச்சர்" என்று அம்மா வருத்தத்தோடுதான் சொன்னாள். வியாழக்கிழமை காலையும் முப்பத்து மூன்றின் பெஞ்ச் பேசவில்லை. முப்பத்திரண்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுவது மட்டும் வகுப்புக்கே கேட்டது. அறுபத்தாறாவது பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு, சாயங்காலம் டீச்சர் மறுபடியும் போனார். இந்த முறை ஸ்கேலை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்த்துப் பார்த்து ஆறு ஊசியையும் உதட்டில் கவ்விக்கொண்டார். வேகம் வந்தது. நாற்பதாவது மாஸ்க்கின்போது அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நாளைக்கு அந்த லிஸ்ட்ல பேர் இல்லைன்னா என்ன ஆகும் டீச்சர்? இன்னொரு வருஷம் எழுத முடியாதா?"

டீச்சருக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. இப்படி ஒரு வருடம் நின்ற பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களை அவர் ஒரு கை விரலில் எண்ணிவிடுவார். வாயில் ஊசி. திறந்தால் குத்தும். அவர் அம்மாவையே பார்த்தார், கண்ணில் நீர் முட்டியது. அம்மா அந்த மூடிய வாயைப் பார்த்தாள், பக்கத்தில் அதேபோல் மூடியிருந்த மகளின் வாயைப் பார்த்தாள். ஸ்கூலை விட்டதைப் பற்றிப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அவளுக்கும் சம்மதம்தான் என்று இரண்டு மாதமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து, மகளின் உதட்டிலிருந்து ஆறு ஊசியையும் ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"இத்தனை நாளா ஏதாவது சொல்லத்தான் பாத்தியாடி?"

"டீச்சர் கூப்பிடறது தினமும் கேக்கும்மா, ஒம்போது இருவதுக்கு" என்றாள் மகள். கூப்பிடுவது பிள்ளைகளுக்கு மட்டும்தான் கேட்கும் என்பதால் அம்மாவுக்கு அதுவரை விஷயம் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை தலைமையாசிரியையும் வாட்ச்மேனும் வகுப்பு வாசலில் இடைவெளி விட்டு நின்றிருந்தார்கள். டீச்சர் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். முப்பத்திரண்டு "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. முப்பத்து மூன்று என்றார். காலி பெஞ்சிலிருந்து, "உள்ளேன் டீச்சர்." மூக்கால் பேசாத, சொந்தக் குரல். டீச்சர் கோடு போடுவதற்குள் அதே குரல் மறுபடியும் வந்தது. பிறகு மறுபடியும். டீச்சர் நிமிர்ந்தார். முதலில் வந்தது பள்ளி மூடிய நான்காம் நாளின் குரல் என்பதும், ஊசிக்குப் பின்னால் சொல்லாமல் நின்றவை தேதி வரிசை தப்பாமல் வருகின்றன என்பதும் அவருக்கு ஏழெட்டு குரலிலேயே பிடிபட்டுவிட்டது. பதிவேட்டைத் திருப்பி, அந்தந்தத் தேதியின் பெருக்கல் குறிமேல் நீலக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டாம் நாள் குரலில் கோபம் இருந்தது. இருபத்தொன்பதாம் நாள் குரல் அழுதது, அப்பா இப்போதைக்குத் திரும்ப முடியாது என்ற செய்தி வந்த மறுநாள் அது. நாற்பது சொச்சத்தில் வெறும் களைப்பு. அறுபதாவது வந்தபோது வாட்ச்மேன் கர்ச்சீப்பை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டம் ஞாபகம் வந்து மறுபடி கட்டிக்கொண்டார். அறுபத்தேழாவதோடு நின்றது. டீச்சர் ஒருமுறை எண்ணி, சந்தேகத்துக்கு இன்னொருமுறை எண்ணினார். சிவப்பும் நீலமுமாகக் கிடந்த அந்தப் பக்கத்தில் தலைமையாசிரியை மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார், பதினொன்று ஐம்பதுக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

பள்ளிக்கூடம் திறக்க அதற்குப் பிறகும் ஏழு மாதம் ஆயிற்று. டீச்சர் தினமும் சாயங்காலம் ஊசி குத்தப் போனார், அந்த வீட்டு மாஸ்க்தான் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். துணி மூட்டைகள் குறையக் குறையப் பின்னாலிருந்த சுவர் வெளியே வந்தது. டஸ்டர் அங்கே எட்டாததால், அவள் தவறவிட்ட அறுபத்தாறு நாள் பாடமும் தரையிலிருந்து கூரைவரை தேதி போட்டு அப்படியே இருந்தது. பிள்ளை ஸ்டூல் போட்டு ஏறிப் படித்தாள். அப்பா திரும்பி வந்து சுவருக்கு வெள்ளையடிக்கலாம் என்றபோது, அம்மா முறைத்த முறைப்பில் அந்தப் பேச்சே பிறகு எழவில்லை.

திறந்த முதல் நாள் நாற்பத்தொரு பேரும் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சாண் வளர்ந்திருந்தார்கள், பாதி முகம் அந்த வீட்டு மாஸ்க்கில் இருந்தது. மாஸ்க்கின் மடிப்பைப் பார்த்தே டீச்சருக்கு எது தன் கை, எது அவள் கை என்று தெரிந்தது. ஒன்பது இருபதுக்குப் பதிவேட்டைத் திறந்தார். முப்பத்து மூன்று என்றதும் அவள் எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றாள். அதே நொடியில் பழக்க தோஷத்தில் பக்கத்திலிருந்தும் மூக்கால் ஒரு "உள்ளேன் டீச்சர்" வந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"முப்பத்திரெண்டு, இனிமே அவளே சொல்லிப்பா. நீ உக்காரு" என்றார். ஒரே ஒரு நீலக் கோடு போட்டுவிட்டு, முப்பத்துநான்கைக் கூப்பிட்டார்.