நாலு நாள் தண்ணீர்

மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் குத்தாலத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில், ஜெக்கரியா எதையும் ஜெபிக்காமல் செய்யமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். சம்பாவுக்கு எந்த ரகம் விதைப்பது, மூத்த மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது, கறவை மாட்டை விற்பதா வேண்டாமா என்று எதுவானாலும் ஆண்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார். லுத்தரன் சபையில் பன்னிரண்டு வருடமாகக் கமிட்டி உறுப்பினர். கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு முற்றினால், "ரெண்டு நாள் ஜெபத்துல வச்சுப் பாப்போம்" என்பார். அதோடு அடங்கிவிடும். அப்படிச் சொல்வதில் தனக்கு ஒரு சௌகரியம் இருந்ததை அவர் கவனித்ததே இல்லை. முடியாது என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. ஜெபித்துச் சொல்கிறேன் என்பார், கேட்டவர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் தானாகவே நின்றுவிடுவார்.

அந்தக் கார்த்திகையில் திங்கட்கிழமை பிடித்த மழை புதன்கிழமை காலையில்தான் விட்டது. விட்ட கையோடு பக்கத்து வயல்காரன் இர்பான் வந்து வாசலில் நின்றான். பத்து வருடம் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, தகப்பனார் மௌத்தான பிறகு ஊரோடு வந்து நிலத்தைப் பார்க்கிறவன். முழங்கால் வரை சேறு.

"அண்ணே, பள்ளத்து நாலு மா நெலத்துல பயிர் முழுகிக் கெடக்கு. நட்டு இருபது நாள்தான் ஆகுது. மேலண்டப் பக்கம் வாய்க்கால தூத்து மனை போட்டுட்டாங்க, தண்ணிக்குப் போக்கே இல்ல. உங்க வயல் ஓரமா, வரப்ப ஒட்டி ஒரு வாய்க்கா வெட்டிக்கிட்டா, எல்லாம் வடிவாய்க்கால்ல போய் விழுந்துரும். உங்களுக்கு ரெண்டு வரிசை பயிரு போகும். அதுக்கு என்னன்னு சொல்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

ஜெக்கரியாவின் வயல் சற்று மேடு. மழைக்கு இரண்டு நாள் முன்புதான் மேலுரம் போட்டு, மடையை அடைத்து வைத்திருந்தார். ஓரத்தில் ஆழமாக வாய்க்கால் விழுந்தால் தேங்கி நிற்கும் உரத்தண்ணீரும் சேர்ந்து இறங்கிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இன்றைக்கு வழி விட்டால் நாளைக்கு அதையே உரிமையாக்கிப் பாத்தியம் பேசுவார்கள் என்று அவருடைய அப்பா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்.

"அவசரப்பட்டு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி," என்றார். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்."

இர்பான் உடனே தலையாட்டினான். "கேளுங்கண்ணே. கேட்டுட்டே சொல்லுங்க."

மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல அவரும் மனைவி ஜாய்ஸும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். ஜெக்கரியா வாய்விட்டு ஜெபிக்கிறவர். மகளின் பரீட்சை, தங்கை வீட்டுக்காரரின் சர்க்கரை வியாதி, சபையின் கூரை வேலை, ஆடுதுறையில் இருக்கும் சித்தியின் கால்வலி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இர்பான் வயல் நினைவுக்கு வந்தது. நாக்கு அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விட்டது. ஆமென் சொல்லி எழுந்தபோது, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது.

அன்று பிற்பகல் மதகுப் பாலத்தில் இர்பானைப் பார்த்தார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதாண்ணே?"

"இன்னும் தெளிவு கெடைக்கல தம்பி."

அந்த நேரத்தில் அது பொய் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமையும் அதையேதான் சொன்னார். இர்பான் கேட்டுக்கொண்டு போனான். வற்புறுத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஜும்ஆ தொழுகைக்குப் போகிற வழியில் நின்று கேட்டான், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் ஜாய்ஸ் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் புள்ளைக்கு ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்னீங்க. மூணு நாளா பக்கத்துல உக்காந்திருக்கேன். அவன் பேரு உங்க வாயில வரவே இல்லையே."

"மனசுக்குள்ள கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் ஜெக்கரியா. சொல்லும்போதே காது மடல் சூடாயிற்று.

ஜாய்ஸ் ஏதாவது திட்டியிருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பாயிலேயே உட்கார்ந்திருந்தார். மனசுக்குள்ளும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அப்போதுதான் தன்னையே கேட்டுப் பார்த்தார். கேட்டால் என்ன பதில் வரும் என்று புதன்கிழமை காலையிலேயே, இர்பான் பேசி முடிப்பதற்கு முன்பே, அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. நாலு நாளில் அவர் போட்ட உரம் மண்ணில் பிடித்துவிட்டது. இனி வழி விட்டால் அவருக்கு நஷ்டம் அதிகமில்லை.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். இர்பானுக்குப் போன் செய்து, "வா தம்பி, வெட்டிரலாம்" என்றார். இருவருமாக வெட்டினார்கள். மத்தியானத்துக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க அழுகல் வாடை எழும்பியது. இர்பான் பள்ளத்தில் இறங்கி ஒரு குத்துப் பயிரைப் பிடித்து லேசாக இழுத்தான். தண்டு கொழகொழவென்று கையோடு வந்தது. அடுத்த குத்தும் அப்படித்தான். நாலு மா நிலத்தில் மூன்று மா பயிர் போய்விட்டது. அவன் கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டு, "நீங்களாச்சும் வழி விட்டீங்களேண்ணே" என்றான்.

அதோடு போயிருந்தால்கூட ஜெக்கரியா தாங்கிக்கொண்டிருப்பார். இர்பான் டீக்கடையில், உரக்கடையில், பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறான்: ஜெக்கரியா அண்ணன் நாலு நாள் ஆண்டவர்கிட்ட கேட்டு, பதில் வந்ததும் அவரே மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தாரு. பேச்சு போதகர் காதுக்கும் போயிற்று. அதற்கடுத்த வாரம் ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும் போதகர் சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்தார்.

"நம்ம சபையில ஒருத்தர், பக்கத்து வயல் சகோதரருக்காக நாலு நாள் ஜெபத்துல காத்திருந்து வழி விட்டிருக்காரு. ஜெக்கரியா, வந்து ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லுங்க."

எழுந்து நின்றார். முன்வரிசைகளில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் பார்க்கவே அவருக்குத் துணிவில்லை, ஜாய்ஸ் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். முடியவில்லை.

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு தாழ்மை பாருங்க," என்றார் போதகர். பின்னால் யாரோ அல்லேலூயா என்றார்கள். ஜெக்கரியா தலையைக் குனிந்துகொண்டார். அதையும் தாழ்மை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. வெள்ளை வேட்டி சட்டையோடு நேராக வயலுக்குப் போனார். இர்பான் அழுகிய குத்துகளை வாரி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"நான் கேக்கவே இல்ல. அந்த நாலு நாள்ல ஒரு தடவகூட உனக்காக நான் ஜெபம் பண்ணல. வழி விட மனசில்ல, அதான். முடியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஆண்டவர் பேரச் சொன்னேன்."

இர்பான் கையில் இருந்ததைக் கீழே போட்டான். பேசியபோது குரல் உயரவில்லை.

"அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேண்ணே. வஹாப் மச்சான் புதன்கிழமையே சொன்னாரு, ஆயில் இன்ஜின் எடுத்துட்டு வரேன், ரோட்டு வாய்க்காலுக்கு இறைச்சு விட்டுருவோம்னு. நான்தான் வேணாம்னேன். ஜெக்கரியா அண்ணன் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கிட்டிருக்காரு, அதுல போய் நாம அவசரப்படக் கூடாதுன்னேன்."

ஜெக்கரியா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டியெல்லாம் சேறானது. பயிர் அழுகியதற்கு மழையையும் ஒரு காரணம் சொல்லலாம். இதற்கு வேறு யாரையும் சொல்ல முடியாது. அவருடைய வார்த்தையை அவரைவிட இவன் மதித்திருக்கிறான்.

"என் வயல்ல பயிர் நல்லா தூர் கட்டி அடர்த்தியா இருக்கு," என்றார் கடைசியில். "குத்தைப் பிரிச்சு இங்க நட்டுரலாம். எவ்வளவு வேணுமோ எடுத்துக்க."

"உங்களுக்குக் கண்டுமுதல் குறையுமே."

"குறையட்டும்."

இர்பான் தன் வயலைப் பார்த்தான், அவர் வயலைப் பார்த்தான். "நாளைக்கு ஆள் கூட்டிட்டு வரேன்" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை.

திங்களும் செவ்வாயும் நடவு நடந்தது. ஜெக்கரியாவும் ஜாய்ஸும் நடவுப் பெண்களோடு சேர்ந்து குத்துப் பிரித்துக் கொடுத்தார்கள். புதன்கிழமை மாலை அவர் போதகர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, கமிட்டியிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். போதகர், "இதுக்காகவா?" என்றார். "இதுக்காகத்தான் ஐயா" என்றார். அடுத்த ஞாயிறு சபையிலும் எழுந்து நின்று அதையே சொன்னார். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

பள்ளத்துப் பயிர் பதினைந்து நாள் பிந்திக் கதிர் விட்டது. விளைச்சல் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஓரத்து வாய்க்காலை ஜெக்கரியா தூர்க்கவில்லை. இர்பான் பழையபடி நின்று பேசினான், பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினான். ஊரில் பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

மாசி மாதத்தில் ஒரு நாள் இர்பானின் மகள் ஷிஃபாவுக்குக் காய்ச்சல் கண்டு, மயிலாடுதுறையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். துணிமணி எடுக்க ஊருக்கு வந்தவன் ஜெக்கரியா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். ஜெக்கரியா வாசலிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் டாக்டர் சொன்னதை, ரத்தப் பரிசோதனையை, எல்லாவற்றையும் சொன்னான். பிறகு அவரைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஜாய்ஸ்க்கா, புள்ளைக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்க."

ஜாய்ஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜெக்கரியா எழுந்து அவளுக்கு இடம் விட்டு, சுவரோரமாக நின்றுகொண்டார்.