ஏழாம் முனை

அன்று காலை கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில், ஒரு மின்சுற்று வடிவமைப்பு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மூத்த பொறியாளர் காசிமாலி, அவருடைய மருமகள் ஜிபாரா, அறைத் தலைவர் எர்மெக், நீர்ப்பாசனத் துறையிலிருந்து வந்த உருல்கான். வேறு யாரும் இல்லை.

கால்வாய் பம்ப்பை இயக்கும் மின்சுற்று அது. மின்வழங்கிப் பகுதியின் பட்டியல் காசிமாலியுடையது. நீர்மட்டம் பார்க்கும் பகுதி ஜிபாராவுடையது. இரண்டையும் சேர்த்துக் கணினியில் ஒத்திகையாக ஓட்டியதும், ஐந்து வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் இருபத்துநான்கு நின்றது.

“நெஜ சர்க்யூட் பலகையா இருந்தா இந்நேரம் பொகஞ்சிருக்கும்,” என்றார் உருல்கான்.

எர்மெக் திரும்பினான். காசிமாலியை அவன் ‘பாய்கே’, அண்ணன், என்றுதான் சொல்வான். “ஜிபாரா, உன் பகுதிதானே? பாய்கேயோட சப்ளை முப்பது வருஷமா ஓடுது. உன்னுது போன வாரம் பொறந்த குழந்த. இப்படியே இருந்தா உன்ன இந்த வேலையிலேர்ந்து எடுத்துடுவேன்.”

ஜிபாரா தலை குனிந்து நின்றாள். மாமனாரின் பெயரைக்கூட வாயால் சொல்லாத மருமகள்.

காசிமாலி கண்ணாடியை மாட்டிப் பட்டியலைப் படித்தார். ஒவ்வொரு வரியிலும் ஓர் உறுப்பு, அது தொடும் முனைகளின் எண்கள். அவருடைய ஏழாம் முனை இருபத்துநான்கு வோல்ட். அவளுடைய ஏழு, நீர்மட்ட உணரியின் உள்ளீட்டு முனை. ஒரே எண் என்றால் கணினிக்கு ஒரே முனைதான், இரண்டையும் இணைத்துவிட்டது.

போன வாரம் அவள் கேட்டிருந்தாள். “மாமா, உங்க பட்டியலுக்கு மேல ஒரு வரி, கீழ ஒரு வரி போட்டுத் தனிப் பெட்டியாக்கிடட்டா? உள்ள இருக்குற எண் வெளிய வந்து மோதாது.”

“நான் எழுதுனதுக்கு நீ மூடி போடணுமா? ஒரு வரி தொடாம அப்படியே சேர்.”

பெரியவருடைய கோப்பைத் திறந்து பார்ப்பதுகூட மரியாதையில்லை என்று, கோப்பின் பெயரை மட்டும் கணினிக்குக் கொடுத்து இணைத்தாள்.

நாற்பது வருஷத்தில் அவர் பட்டியலில் ஒருவரும் பிழை கண்டதில்லை. பேசாமல் இருந்தால் இன்றும் அப்படியே போய்விடும். அவள்தான் போவாள்.

“எர்மெக்,” என்றார். “பெட்டி வைக்கட்டான்னு அவ கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். ரெண்டு பகுதியும் சரி. தப்பு என்னுது.”

“பாய்கே, நீங்களா?”

“காது கேக்கலையா ஒனக்கு?”

ஜிபாரா இரண்டு வரி சேர்த்து ஓட்டினாள். மூன்று வோல்ட்டில் நின்றது. காசிமாலி தேநீரைத் தொடாமல் எழுந்து போனார்.

மருமகள் நாலு பேர் முன்னால் மாமனாரை மடக்கிவிட்டாள் என்று மதியத்துக்குள் கான்டீனில் பேச்சு. அது பொய். அவள் வாயே திறக்கவில்லை. தப்பைத் தானே எடுத்துச் சொன்னவர் காசிமாலி.