கடலில் இருப்பவரின் பெயர்

"எடுத்துருன்னு சொன்னா எடுத்துரணும், இல்லன்னா..."

"அக்கா, நான் சொல்லுததக் கொஞ்சம்..."

"கொஞ்சமும் வேண்டாம், நெறையவும் வேண்டாம். இப்ப எடு. என் கண்ணு முன்னால எடு."

"அது என் பாட்டுக்கா!"

"பாட்டு ஒன்னோடது. அதுல கெடந்து அலறுத பேரு ஆரோடது?"

ஜெபசுதா மாடிப்படியின் மேல் நின்றாள். பல் துலக்கும் பிரஷ் கையில் அப்படியே இருந்தது. கீழ்ப்படியில் டெல்சியா. வீட்டுக்காரம்மா. அவள் நீட்டிப் பிடித்த செல்போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது, சுதாவின் குரலில்: "அமலன்... அமலன்..."

"முதல்ல இத அமத்து. எனக்கு அமத்தத் தெரியல."

சுதா இறங்கி வந்து அமர்த்தினாள். திரேஸ்புரத்துச் சந்தில் காலை வெயில் ஒரு சுவரில் மட்டும் ஏறியிருந்தது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஒருமுறை ஊதிவிட்டு நிறுத்தியது.

"நேத்து விடியக்காலம்தான் ஏத்துனேன். அதுக்குள்ள ஒங்களுக்கு இது எப்படிக்கா வந்துச்சி?"

"குவைத்துலருந்து என் தங்கச்சி அனுப்பியிருக்கா. இது நம்ம அத்தான் பேருதானன்னு கேக்கா. என்ன சொல்ல? அவுக விடியக்காலம் வள்ளத்துல ஏறிப் போயாச்சி. இன்னேரம் அவுக தண்ணிக்குள்ள. நீ குவைத்து வரைக்கும் கேக்க மாதிரி கூப்பிட்டுக்கிட்டுக் கெடக்க."

டெல்சியாவின் கணவர் அமலன் சங்கு குளிப்பவர். வள்ளத்தில் காற்றடிக்கும் மெஷின் ஓடும். அதிலிருந்து வரும் நீண்ட குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடிக்குப் போவார். அவர் திரும்பி வந்து கால் கரை மணலில் படும்வரை அவர் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. டெல்சியா மட்டுமல்ல, பள்ளிக்கூடம் போகும் மகள்கூட 'அப்பா' என்று சொல்லாமல் 'போனவுக' என்பாள். வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கேட்டால் டெல்சியா பதில் சொல்லாமல் கதவைப் பாதி சாத்திவிடுவாள்.

சுதாவுக்கு இது தெரியாது. அவள் கடல் இல்லாத ஊர், நாசரேத்துக்காரி. வாத்தியார் வீட்டுப் பெண். கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. மாடி அறைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அலுவலகம் முடிந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உப்பளத்தில் மண்வெட்டி உரசும் சத்தம், கன்டெய்னர் லாரி பின்னால் வரும்போது போடும் ராகம், தண்ணீர்க்குடம் நிறையும் சத்தம் என்று எதையாவது எடுத்து வெட்டுவாள், ஒட்டுவாள், அதன்மேல் தன் கவிதையை மெதுவாகச் சொல்லுவாள். 'ஈரக்காது' என்ற பெயரில் இணையத்தில் ஏற்றுவாள். கேட்பவர்கள் கைவிரலுக்குள் அடங்கிவிடுவார்கள். அதில் ஒருவர் அவளே.

"பேர் போட்டது மரியாதைக்குத்தாங்கா. ஒருத்தரோட சத்தத்த எடுத்துட்டுப் பேரு சொல்லாம விட்டா, எங்கள மாதிரி சத்தம் சேக்குத ஆளுக மத்தியில அது திருட்டு."

"எழுதி வை. ஆரு வேண்டாம்னா? பெரிசா எழுதி வை."

"எழுதினா பரவால்லையா?"

"எழுத்து கூப்பிடுமா? நீ வாயத் தொறந்து கூப்பிடுத."

"ஆதார் கார்டுல, ரேசன் கார்டுல..."

"ஆதார் கார்டு அவுகள 'அமல'..." டெல்சியா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "பாத்தியா? என்னையவே சொல்ல வச்சிட்ட, பாவி."

சுதா பிரஷைக் கீழே வைத்தாள். "சரிக்கா. சொன்னா என்ன ஆகும்? அதையாவது சொல்லுங்க."

"ஒன்ன ஆராவது பேரு சொல்லிக் கூப்பிட்டா என்ன செய்வ?"

"என்னன்னு கேப்பேன்."

"அதுக்கு முந்தி?"

சுதா யோசித்தாள். "திரும்பிப் பாப்பேன்."

"அங்கன கீழ ஒரு மனுசன் திரும்புனா வாயில உள்ள கொழாயும் சேந்து திரும்பும். மடங்குன கொழாயில காத்து வருமா? எங்க அம்மா சொல்லிக் குடுத்தது இது. எங்க அம்மாவுக்கு அவ மாமியா. நீ படிச்சவ, சிரி."

சுதா சிரிக்கவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

"அக்கா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க. லிஸ்பன்ல ஒரு ரேடியோவுல இன்னைக்கு இதைப் போடுதாங்க. அவங்களுக்குக் காலையில, நமக்கு மதியச் சோத்து நேரம். கேக்கணும்னே ஆபீசுக்கு லீவு போட்டிருக்கேன். எட்டு வருசத்துல என்னைய ஒருத்தங்க கூப்பிட்டுக் கேட்டது இதுதாங்கா. இதை நான் எடுத்துட்டா அவங்க வேற ஆளப் போட்டுட்டுப் போயிருவாங்க. பொறவு என்னைய எங்க தேடப் போறாங்க?"

"லிஸ்பன் எங்க இருக்கு?"

"போர்ச்சுகல்ல."

"அடி ஆத்தே. எங்க பாட்டன் பூட்டனுக்கெல்லாம் ஞானஸ்நானம் குடுத்துப் பேரு வச்சதே அந்த ஊருக்காரன்தான். இப்ப அவனுக்குத் திருப்பி அனுப்புதியா?"

சுதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெல்சியாவுக்கும் வாய் ஒரு பக்கம் இழுத்தது. உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"சிரிச்சா விட்டுருவேன்னு நெனைக்காத."

"முழுசாக் கேட்டீங்களா நீங்க?"

"அந்தப் பேரு வந்ததும் எனக்குக் காது அடச்சிட்டு. என்னத்தக் கேக்க?"

"வாங்க. ஒரு தடவ கேளுங்க. கேட்டுட்டும் எடுன்னா எடுத்துருதேன்."

மாடி அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. பச்சைச் சேலையைத் திரைச்சீலையாகக் கட்டியிருந்ததால் அறை முழுக்கப் பச்சை வெளிச்சம். டெல்சியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இயர்போனில் ஒன்று அவள் காதில், ஒன்று சுதா காதில்.

முதலில் பொரிகிற சத்தம் வந்தது.

"என்னது, எண்ணெயில கடுகு போட்ட மாதிரி?"

"கடலுக்கடியில அப்படித்தாங்கா இருக்கும். சின்னச் சின்ன இறால் கொடுக்கத் தட்டுத சத்தம். விளையாட்டுச் சாமான்லருந்து பிரிச்ச, மைக் மாதிரி சத்தம் வாங்குத தகட மெழுகுல முக்கி, பலூனுக்குள்ள வச்சிக் கட்டி, அண்ணன்ட்டச் சொல்லி அவரு கொழாயோட சேத்து எறக்குனேன்."

"அதான் போன மாசம் மூணு நாளா மாடியில மெழுகு நாத்தமா?"

பொரிந்துகொண்டே இருந்தது. தூரத்தில் மெஷினின் டக்டக். அது இதயம் துடிப்பதுபோல் மெதுவாகி, பிறகு பின்னால் போய்விட்டது. குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே ஏறின. அறையின் பச்சை வெளிச்சம் அசைவதுபோல் இருந்தது. டெல்சியா தன்னையறியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சுதாவின் குரல் எங்கோ மேலேயிருந்து இறங்கி வந்தது.

*கீழே ஒரு வீடு இருக்கிறது*
*அதற்குக் கூரை இந்தத் தண்ணீர்*
*கூரைமேல் நின்று நான் பேசுகிறேன்*
*உள்ளே விளக்கேற்றி யாரோ நடக்கிறார்கள்.*

அதற்கும் அடியில் ஒரு முனகல். ஏறியும் இறங்கியும், வார்த்தை இல்லாமல், ராகம் என்று சொல்லவும் முடியாமல்.

"இதாரு?"

"யாருன்னு தெரியலையா?"

டெல்சியா மற்றக் காதைப் பொத்தினாள். வெளியே உள்ள சத்தம் வராமல் இருக்கத்தான்.

"அவுகளா? கோயில்ல எல்லாரும் பாடும்போது வாயத் தொறக்காத மனுசன். நம்ம வீட்டு கிரைண்டர்தான் இப்படிப் பாடும்."

"கொழாயக் கடிச்சிக்கிட்டே பாடுதாங்க. நான் முதல்ல மெஷின் சத்தம்னுதான் நெனச்சேன்."

"பதினாறு வருசமா ஒரே வீட்டுல கெடக்கேன். இது எனக்குத் தெரியாது, கேட்டியா?" டெல்சியாவின் குரல் இறங்கிவிட்டது. "அங்கன வச்சிப் பாடுதாவ. ஆருக்குப் பாடுதாவ?"

முனகல் போய்க்கொண்டே இருந்தது. டெல்சியா கண்ணை மூடினாள். அவர் மணலைக் கையால் தடவிக்கொண்டு நடப்பது, சங்கைக் குனிந்து எடுப்பது, வலையில் போடுவது, எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுபோல் தலை மெல்ல ஆடியது. அப்போது சுதாவின் குரல் கூப்பிட்டது. அமலன்.

முனகல் நின்றது.

குமிழிகள் திசைமாறிச் சிதறின. அப்புறம் வெறும் பொரிச்சல். அப்புறம் மறுபடியும் முனகல், கொஞ்சம் தயங்கித் தயங்கி. மறுபடியும் கூப்பிட்டது. அமலன். மறுபடியும் நின்றது.

டெல்சியா இயர்போனைப் பிடுங்கிவிட்டாள்.

"பாத்தியா? திரும்புதாவ!"

"இல்லக்கா, அது நான் ஒட்டுனது. அண்ணன் மூச்சு விட நிறுத்துன இடம் அது. அந்த இடம் பாத்து என் குரல வச்சேன். ரெண்டும் வேற வேற நாள் எடுத்தது."

"ஏன் அந்த இடத்துல வச்ச?"

"நல்லா இருந்துச்சி."

"என்ன நல்லா இருந்துச்சி?"

சுதா அந்த இடத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். எது நல்லா இருந்தது? அவர் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்ததுதான் நல்லா இருந்தது. அதற்காகத்தான் ஆறேழு நாள் சாயங்காலம் உட்கார்ந்து, முடி அளவு தள்ளித் தள்ளி அந்தக் குரலை அங்கே கொண்டுபோய் வைத்தாள். பெயர் விழுந்ததும் கீழே ஒருவர் திரும்ப வேண்டும். கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்க வேண்டும்.

இப்போது அவளுக்கே சிலிர்த்தது. அவள் மெதுவாக லேப்டாப்பைத் திறந்தாள்.

"என்னளா செய்யுத?"

"எடுத்துட்டேன்."

"சத்தியமா?"

"இங்க பாருங்க. இல்ல. போயிட்டு." அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். "லிஸ்பன் ரேடியோக்காரம்மாவுக்கும் எழுதணும்."

எழுதினாள். போட வேண்டாம், மன்னிக்கவும், வீட்டில் ஒரு காரணம் என்று. டெல்சியா கட்டிலிலேயே இருந்தாள். எழுந்து போகவில்லை. அங்கே இன்னும் விடிந்திருக்காது, காலை நிகழ்ச்சிக்காக விழித்திருந்தார்கள்போல, பதில் உடனே வந்துவிட்டது.

"என்ன சொல்லுதா?"

"வேற மாதிரி இருந்தா உடனே அனுப்பு, இல்லன்னா அந்த நேரத்துக்கு வேற ஒருத்தரப் போட்டுருவோம்னு சொல்லுதாங்க."

"வேற மாதிரின்னா?"

"என்ட்ட வேற மாதிரி இல்லக்கா. அந்தப் பேருதான் பாட்டே."

டெல்சியா அந்தப் பதிலை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "பேர மட்டும் பிச்சி எடுக்க முடியாதா? மீன்ல முள்ளு எடுக்க மாதிரி?"

"எடுத்தா அந்த இடம் காலியாக் கெடக்கும்."

"கெடக்கட்டும். எங்க வீட்டுல தெனமும் அப்படித்தான் கெடக்கு. நாங்க சோறு பொங்கலையா?"

சுதா திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஹெட்போனை மாட்டினாள்.

ஒவ்வொரு பெயராக எடுத்தாள். எடுத்த இடங்களை இழுத்து ஒட்டவில்லை. பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் விட்டுவைத்தாள். அங்கே கடல் மட்டும் பொரிந்தது. டெல்சியா கீழே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தாள், சுதாவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையில் ஓடும் கோடுகளைப் பார்த்தாள்.

"இதுல அவுக எங்க இருக்காவ?"

"இந்தா, இந்தக் குட்டிக் குட்டி அலை இருக்கே, இதுதான்."

டெல்சியா அதை ஒரு விரலால் தொட்டாள். திரையில் விரல் ரேகை பதிந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

மதியம் லேப்டாப்பில், லிஸ்பன் ரேடியோவில் ஒரு பெண் புரியாத மொழியில் ஏதோ பேசினாள். நடுவில் 'ஈரக்காது' என்று தப்பும் தவறுமாக வந்தது. பிறகு கடுகு பொரிந்தது. இருவரும் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கேட்டார்கள். பெயர் இல்லாத இடம் வரும்போதெல்லாம் டெல்சியாவின் உதடு சேர்ந்து மூடிக்கொண்டது. முடிந்ததும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ரேடியோவில் அப்படிச் சும்மா இருப்பது லேசில்லை என்று சுதாவுக்குத் தெரியும்.

"நல்லாருந்துச்சா அவளுக்கு?"

"தெரியலக்கா. மூச்சு விடுத சத்தம் மட்டும் கேட்டுச்சி."

"அது போதும்."

வெயில் சாய்ந்த நேரத்தில் அமலன் வந்தார். உப்பு பூத்த புருவம், சிவந்த கண். டெல்சியா வாசலிலேயே நின்று தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "வாங்க, சாப்பிடுதீயளா?" என்றாள். எப்போதும் கேட்கிற மாதிரிதான்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். சுதா காப்பி டம்ளர்களைக் கழுவும் சாக்கில் அங்கேயே நின்றாள். மகள் பள்ளிக்கூடப் பையைப் போட்டுவிட்டு, "அப்பா" என்று கத்திக்கொண்டு வந்து அவர் முதுகில் சாய்ந்தாள்.

"இன்னைக்குச் சங்கு எப்படி?" டெல்சியா கேட்டாள்.

"இருந்துச்சி. மனசு ஓடல." குழம்பை விரலால் அளைந்தார். "டெல்சியா, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளுங்க."

"நேத்துக் கீழ நிக்கையில, ஆரோ என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சி. ஒருக்கா இல்ல, வேல முடியுத வரைக்கும். பொம்பளக் குரல்."

சுதாவின் கையிலிருந்த டம்ளர் தண்ணீர்த் தொட்டியில் நழுவியது.

"திரும்பினீயளா?" டெல்சியா கேட்டது காற்றுபோல இருந்தது.

"திரும்பாம? திரும்பித் திரும்பிப் பாத்தேன்."

"கொழாய்?"

"அது ஒருக்கா மடங்குச்சி. நீவி விட்டுக்கிட்டேன். அது கெடக்கட்டும், நான் சொல்லுததக் கேளு." அவர் மகளின் கையைத் தோளில் இருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "அங்கன எப்பவும் தனியாத்தான் இருப்பேன். பயத்துக்கு என்னமாவது முனங்கிக்கிட்டுக் கெடப்பேன். நேத்து முனங்கவே தோணல. இன்னைக்குக் காலையிலயும் அந்தக் குரல் இருந்துச்சி. வெயில் ஏறுன பொறவு பொசுக்குன்னு நின்னுட்டு. பக்கத்துல இருந்த ஆளு எந்திரிச்சிப் போன மாதிரி."

அவர் தலையைத் தூக்கி முதலில் டெல்சியாவைப் பார்த்தார். பிறகு சுதாவைப் பார்த்தார்.

"அது ஆராயிருந்தாலும், ஏன் நிறுத்திட்டாவ?"